பூட்டில்லாத கதவுக்குச் சாவி

கார் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டருக்குள் கம்பெனி வேண்டுமென்றே சக்தியைப் பூட்டி வைத்திருக்கிறது. லேப்டாப்போடு வருகிற ஒருவர் ஒரு மணி நேரத்தில் அதைத் திறந்துவிடுவார். கூடவே பங்க்கில் விலை கூடிய பெட்ரோலை நிரப்பினால் பிக்கப்பும் ஏறும், மைலேஜும் ஏறும். கார் வைத்திருப்போரிடம் இந்த நம்பிக்கை இன்று பொது அறிவு போல உலவுகிறது. ரீமேப் செய்பவர்கள் இதைச் சொல்லி விற்கிறார்கள். எண்ணெய் நிறுவனங்களின் விளம்பரங்கள் வேறு சொற்களில் இதையேதான் சொல்கின்றன. மூன்று கூற்றுகள் இதில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று பாதி உண்மை. மற்ற இரண்டும் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தாதவை.

முதலில் அந்தக் கருத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். டர்போ பொருத்திய எஞ்சினில் மென்பொருளை மட்டும் மாற்றி நான்கில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி எடுக்க முடியும் என்பது கற்பனை அல்ல. டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்து காட்டக்கூடியது. ஒரே எஞ்சின் வெவ்வேறு சக்தி அளவுகளில் விற்கப்படுவதும் கண்கூடு. மஹிந்திராவின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின் எக்ஸ்யூவி700-இன் விலை குறைந்த வகையில் 155 பிஎஸ், மேல்வகையில் 185 பிஎஸ். அதே நிறுவனத்தின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் தாரில் 150 பிஎஸ், எக்ஸ்யூவி700-இல் 200 பிஎஸ். இதைப் பார்க்கும் ஒருவர் ‘வேண்டுமென்றே குறைத்துத் தருகிறார்கள்’ என்று நினைத்தால் அவரை அறிவில்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டதும் சில கார்கள் உண்மையிலேயே சற்று விறுவிறுப்பாக ஓடுகின்றன. இந்த உண்மைகளிலிருந்து எடுக்கப்படும் முடிவுகள்தான் தவறு.

ஈசியூ என்ற அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் தவறு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். எரிபொருள் தெளிப்பையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே கணினியின் கீழ் கொண்டுவந்த பாஷின் மோட்ரானிக் அமைப்பு 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. புகைப்போக்கியில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்த உதவும் லாம்டா சென்சார் அதற்கு மூன்றாண்டு முன்பே வால்வோ கார்களில் இடம்பெற்றிருந்தது. அன்று முதல் அடிப்படை மாறவில்லை. எஞ்சினின் சுழல்வேகம் ஒரு பக்கம், உள்ளே வரும் காற்றின் அளவு மறுபக்கம் என அட்டவணைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவு பெட்ரோல், இத்தனை டிகிரி முன்கூட்டித் தீப்பொறி, இவ்வளவு டர்போ அழுத்தம் என்று எண்கள் இருக்கும். மேப் என்பது இந்த அட்டவணைகள்தான். ரீமேப் என்பது அந்த எண்களை மாற்றுவது. எந்த எண்ணும் தனித்து நிற்பதில்லை. எந்த எரிபொருள், எத்தனை டிகிரி வெயில், எந்த கியர்பாக்ஸ், எந்தப் புகைச் சட்டம் என்ற நான்கு அனுமானங்களின் மேல்தான் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது.

1. ஆக்டேன் எண் கூடினால் சக்தி எப்படிக் கூடும்?

ஆக்டேன் எண் எரிபொருளில் உள்ள ஆற்றலின் அளவு அல்ல. அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது தீப்பொறியின் தீ வந்து சேரும் முன் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு. ஐசோ-ஆக்டேன் என்ற சேர்மத்துக்கு 100, சாதாரண ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு இந்த எண் தரப்படுகிறது. 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த நிலையில் தானாக வெடித்து ‘நாக்கிங்’ அடிக்கத் தொடங்குமோ அதே நிலையில் இதுவும் அடிக்கும் என்று பொருள். அதற்கு மேல் அந்த எண்ணில் எதுவும் இல்லை.

இந்தக் குழப்பத்தை உடைக்க எத்தனால் ஒன்றே போதும். அதன் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது. பங்க்கில் விற்கும் எந்த பெட்ரோலையும்விட அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன்தான் சக்தி என்றால் எத்தனால் ஊற்றிய கார் பறக்க வேண்டும், லிட்டருக்கு அதிக தூரமும் ஓட வேண்டும். எந்தக் காரும் அப்படி ஓடவில்லை.

இங்கே ஒரு துணைக் குழப்பமும் உண்டு. அமெரிக்கக் காணொளிகளில் 87, 91, 93 என்று வரும் எண்களை இந்திய பங்க்கின் எண்களோடு அப்படியே ஒப்பிடுகிறார்கள். அங்கே பலகையில் போடுவது இரண்டு சோதனை முறைகளின் சராசரி. இங்கே போடுவது அவற்றில் பெரிய எண்ணைத் தரும் முறையின் அளவு. அமெரிக்காவின் 91 என்பது இந்தியாவின் 95-க்கு அருகில் வரும். அந்தக் காணொளிகளில் ‘சாதாரண பெட்ரோல்’ என்று சொல்லப்படும் 87-உம் இங்கு முன்பு சாதாரண பெட்ரோலுக்கு இருந்த 91-உம் கிட்டத்தட்ட ஒரே தரம்.

2. அப்படியானால் விலை கூடிய பெட்ரோலில் பயனே இல்லையா?

மேப் அனுமதித்தால் மட்டும் உண்டு. தீப்பொறியை முன்கூட்டி எழுப்பினால் ஒரு புள்ளி வரை முறுக்கு விசை கூடிக்கொண்டே போகும். அதைத் தாண்டினால் குறையும். அந்த உச்சப் புள்ளியை எட்டும் முன்பே நாக்கிங் தொடங்குகிற எஞ்சின்களில்தான் உயர் ஆக்டேன் உதவும். டர்போ உள்ளவை, அழுத்த விகிதம் உயர்ந்தவை இந்த வகை. டர்போ இல்லாத சாதாரணக் குடும்பக் கார் எஞ்சின் தன் வேலை நேரத்தின் பெரும்பகுதியில் 91 ஆக்டேனிலேயே அந்த உச்சப் புள்ளியில் ஓடுகிறது. அதற்கு மேல் தாக்குப்பிடிக்கும் எரிபொருளைக் கொடுத்தால், தேவைப்படாத தாக்குப்பிடிப்புக்குக் காசு கொடுத்ததாகவே ஆகும்.

அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2016-இல் நடத்திய சோதனை இதைத் தெளிவாக்கியது. சாதாரண பெட்ரோலுக்கு என்று வடிவமைக்கப்பட்ட கார்களில் பிரீமியம் போட்டுப் பார்த்தார்கள். சக்தி, எரிபொருள் சிக்கனம், புகை எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அப்படிப்பட்ட கார்களுக்குப் பிரீமியம் வாங்கியதில் அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியதாக அந்தச் சங்கம் கணக்கிட்டது. மறு ஆண்டு, பிரீமியம் ‘பரிந்துரைக்கப்பட்ட’ கார்களை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் சராசரியாகச் சிக்கனம் 2.7 சதவீதமும் சக்தி 1.4 சதவீதமும் கூடின. கூடியது உண்மை. ஆனால் பிரீமியத்துக்குக் கொடுத்த கூடுதல் விலை அதைவிடப் பல மடங்கு.

இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தபோது விலை லிட்டர் 160 ரூபாய். அன்று டெல்லியில் சாதாரண பெட்ரோல் 80 ரூபாய்க்குச் சற்று மேல். கார் கையேட்டில் 91 என்று அச்சிட்டிருக்க, இரு மடங்கு விலை கொடுத்து 100 நிரப்புபவருக்குக் கிடைப்பது மன நிறைவு மட்டுமே. கையேட்டைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பதில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

ஊட்டிக்கு ஏறும் முன் மேட்டுப்பாளையத்தில் ‘ஏற்றத்துக்கு நல்ல பெட்ரோல்’ என்று பிரீமியம் போடும் வழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்திருக்கும். ஆகவே டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே வேண்டிய ஆக்டேன் குறையுமே தவிர ஏறாது. அமெரிக்காவின் உயரமான மலை மாநிலங்களில் 87-க்குப் பதிலாக 85-ஐயே சாதாரண பெட்ரோலாக விற்பது இந்தக் காரணத்தால்தான்.

3. பூட்டி வைத்த சக்தி என்று ஒன்று இருக்கிறதா?

இங்கேதான் பாதி உண்மை இருக்கிறது. விலைப் படிநிலைக்காக மென்பொருளில் சக்தியைக் குறைத்து விற்கும் வழக்கம் கார் உலகில் உண்டு. அதற்காகச் சக்தி குறைந்த ஒவ்வொரு வகையும் பூட்டிய மேல்வகைதான் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஒரு காலத்தில் இந்தியாவின் ‘தேசிய எஞ்சின்’ என்று கேலியாக அழைக்கப்படும் அளவுக்குப் பல நிறுவனங்களின் கார்களில் ஓடியது. மாருதி ஸ்விஃப்டில் அது 75 பிஎஸ். எஸ்எக்ஸ்4, எர்டிகா போன்றவற்றில் 90 பிஎஸ். ‘ஒரே எஞ்சின்தானே, மேப் போட்டால் 90 வந்துவிடும்’ என்று சொல்லி அந்தக் காலத்தில் நிறைய டியூனிங் பாக்ஸ்கள் விற்றன. உண்மையில் 90 பிஎஸ் வகையில் இருந்தது வேறு டர்போ. இதழ்களின் கோணத்தை மாற்றிக்கொள்ளக்கூடியது. 75 பிஎஸ் வகையின் சிறிய, நிலையான டர்போவிடம் அதே காற்றைக் கேட்டால் அது தன் வரம்புக்கு மேல் சுழன்றுதான் தர வேண்டும். எண்கள் ஒத்துப்போயின, இரும்பு ஒத்துப்போகவில்லை.

வேறு பாகம் எதுவும் இல்லாமல் மேப் மட்டுமே வேறுபடும் இடங்களில்கூட, ‘குறைத்து வைத்தது’ என்று தெரிவது பெரும்பாலும் ஏற்கெனவே செலவழிக்கப்பட்ட இடைவெளி. நிறுவனத்தின் பொறியாளர் ஒரே மேப்பை ராஜஸ்தானின் மே மாத வெயிலுக்கும் லடாக்கின் பனிக்கும் சேர்த்து எழுதுகிறார். 45 டிகிரியில் ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றி, நெரிசலில் நின்று நின்று போகும் காருக்கும் அதே மேப்தான். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலை நிரப்பிவிடக்கூடிய வாடிக்கையாளரும் அவர் கணக்கில் இருக்கிறார். கலப்படம் ஆக்டேன் எண்ணைச் சரித்துவிடும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் கரி படிந்த பிஸ்டனும் இருக்கிறது. ரீமேப் செய்பவர் தன் ஷெட்டில், மின்விசிறி முன்னால் நிறுத்தி, புது பிளக் போட்டு, தெரிந்த பங்க்கின் பெட்ரோலில் டைனோவில் அளக்கிறார். அவர் காட்டும் வரைபடம் பொய்யில்லை. அந்த ஒரு காலைப் பொழுதின் உண்மை. நிறுவனம் விட்டுவைத்த இடைவெளியை எடுத்துக்கொண்டு அதற்குக் கண்டெடுத்த சக்தி என்று பெயர் வைக்கும்போதுதான் பொய் நுழைகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் இப்போது கம்பி இல்லை, மேப்தான் இருக்கிறது. கால்வாசி மிதித்தால் பாதி திறக்கும்படி அதை மாற்றினால் கார் துள்ளும். ஓட்டிப் பார்ப்பவர் சக்தி கூடிவிட்டதாகவே உணர்வார். முழுதாக மிதித்தால் முன்பு எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவுதான் இப்போதும். ‘பிக்கப் செம’ என்று திரும்பி வருபவர்களில் ஒரு பகுதியினர் வாங்கியது இந்தத் துள்ளலைத்தான்.

4. எஞ்சின் தாங்கினால் போதுமா?

முறுக்கு விசை எஞ்சினோடு நிற்பதில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸான டிக்யூ200-க்கு வகுக்கப்பட்ட வரம்பு 250 நியூட்டன் மீட்டர். இந்தியாவில் டைகுன், குஷாக், விர்டஸ், ஸ்லாவியா கார்களில் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினோடு அதுதான் வருகிறது. அந்த எஞ்சின் தரும் முறுக்கு விசை சரியாக 250 நியூட்டன் மீட்டர். இது தற்செயல் அல்ல. கியர்பாக்ஸ் வரம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே எஞ்சினின் மேப்பும் முடிந்திருக்கிறது. இதற்கு மேல் 50, 60 நியூட்டன் மீட்டர் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் ‘ஸ்டேஜ் 1’ மேப் எந்தப் பூட்டைத் திறக்கிறது? கியர்பாக்ஸ் அன்றைக்கே உடைந்துவிடும் என்பதில்லை. எப்போது உடையும் என்பதை இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதைவிட நுட்பமான ஆபத்து, குறைந்த சுழல்வேகத்தில் நிகழும் முன்பற்றல். நேரடித் தெளிப்பு டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் 1,500 முதல் 2,500 சுழற்சி வரை பெரும் சுமை ஏற்றும்போது, சிலிண்டரில் கசியும் எஞ்சின் ஆயில் துளியோ கரித் துகளோ தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடும். ஒரே அடியில் பிஸ்டன் வளையப் பள்ளம் உடையக்கூடும். இந்தச் சிக்கலுக்காகவே 2018-இல் எஞ்சின் ஆயிலுக்கு ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற புதிய தரம் வந்தது. ஆயிலில் கால்சியம் சேர்மங்களின் பங்கைக் குறைப்பது அதன் வழிகளில் ஒன்று. இதற்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் மருந்தாகாது. பிரச்சினை எரிபொருளின் தாக்குப்பிடிப்பில் இல்லை, வெளியிலிருந்து வரும் பொறியில் இருக்கிறது. ரீமேப் விற்பனையில் அதிகம் புகழப்படுவது எது? ‘லோ எண்ட் டார்க்’. ஆபத்து இருக்கும் அதே மூலையில்தான் சுமையை ஏற்றுகிறார்கள்.

பந்தயக் கார்களில் இவை எல்லாம் செய்யப்படுகின்றனவே என்று கேட்கலாம். செய்கிறார்கள், முறையாகச் செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடும் எஞ்சினுக்கு எந்த எரிபொருள் என்பது முன்கூட்டியே தெரியும். குறிப்பிட்ட நேரம் ஓடியதும் பிரித்துப் பார்ப்பார்கள். உடைந்தால் அது செலவுக் கணக்கில் இருக்கிறது. மாதத் தவணையில் வாங்கிய குடும்பக் காரிடம் இதில் எதுவும் இல்லை.

5. நாக் சென்சார் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

எஞ்சின் பிளாக்கில் பொருத்திய அழுத்தமின் சென்சார் நாக்கிங்கின் அதிர்வைக் கேட்டு, தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பும். சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் ஏபிசி என்ற அமைப்பில் இதே கருத்தை டர்போ அழுத்தத்துக்குப் பொருத்திக் காட்டியது; பெட்ரோலின் தரம் எப்படி இருந்தாலும் எஞ்சின் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை.

ஆனால் இந்தச் சென்சார் நாக்கிங் நடந்த பிறகே பேசும். தவறிப்போய்க் கெட்ட பெட்ரோல் நிரப்பிய ஒரு நாளைக் கடத்துவதற்காக அது வைக்கப்பட்டிருக்கிறது. உயர் ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் சாதாரண பெட்ரோல் ஊற்றி அன்றாடம் ஓட்டும் கார் அதைத் தினசரி வேலைக்காரன் ஆக்குகிறது. தாமதமான தீப்பொறியில் ஆற்றல் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் வெப்பமாகப் புகைப்போக்கிக்குப் போகும். டர்போவும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதைச் சுமக்கும். சூட்டைத் தணிக்க ஈசியூ கூடுதல் பெட்ரோலை ஊற்றும். சக்தி வேண்டி மேப் மாற்றியவர், தவறான எரிபொருளில் ஓட்டும்போது மேப் மாற்றாத காரைவிடக் குறைந்த சக்தியோடும் அதிகச் செலவோடும் ஓட்டக்கூடும். ரீமேப் ஒருவரை ஓர் எரிபொருளோடு கட்டிப்போடுகிறது. நெடுஞ்சாலையில் இரவு பதினொரு மணிக்கு, சாதாரண பெட்ரோல் மட்டும் உள்ள பங்க்கில் நிற்கும்போது இது புரியும்.

6. மைலேஜும் ஏறுமாமே?

இது எல்லாவற்றிலும் பலவீனமான கூற்று. அதனால் அதிகம் பேச வேண்டியதில்லை. சமதளச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறிய காருக்கு வேண்டியது ஏறக்குறைய 15 குதிரைத்திறன்தான். அந்த நிலையில் பெட்ரோல் எஞ்சின் ஏற்கெனவே உகந்த தீப்பொறி நேரத்தில், காற்று 14.7 பங்குக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு பங்கு என்ற சரியான கலவையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மெலிதாக்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது சரியே. ஆனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்று நச்சுகளையும் ஒருசேர மாற்றுவது அந்த ஒரு விகிதத்தில் மட்டும்தான். ரீமேப்பின் கூடுதல் சக்தி இருப்பது அழுத்தி மிதிக்கும் இடத்தில். மைலேஜ் இருப்பது மென்மையாக மிதிக்கும் இடத்தில். இரண்டும் அட்டவணையின் வெவ்வேறு மூலைகள்.

டீசல் கார்களுக்கான மலிவான டியூனிங் பாக்ஸில் நேரடி ஏமாற்றே உண்டு. அது காமன் ரெயில் அழுத்தச் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லும். ஈசியூ அழுத்தத்தை ஏற்றும். கூடுதல் டீசல் உள்ளே போகும். ஆனால் போன டீசல் எவ்வளவு என்று டேஷ்போர்டு கணக்கிடுவது பழைய அழுத்தத்தை நம்பித்தான். திரையில் மைலேஜ் ஏறியிருக்கும், டேங்க்கில் ஏறியிருக்காது. இரண்டு முறை முழு டேங்க் நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் இந்த மைலேஜைக் கரைத்துவிடும்.

7. இ20 வந்தபின் கணக்கு மாறிவிட்டதா?

எரிபொருளும் மேப்பும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதற்கு இ20-ஐவிட நல்ல சான்று இல்லை. இங்கே தவறு ரீமேப் கடைகளோடு நிற்கவில்லை. அரசுத் தரப்பிலும் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்ததால் பெட்ரோலின் ஆக்டேன் 91-லிருந்து 95-க்கு உயர்ந்துவிட்டது, ஆகவே வண்டிகள் இன்னும் நன்றாக ஓடும் என்று சொல்லப்படுகிறது. ஆக்டேன் உயர்ந்தது உண்மை. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் மேப் பழைய கார்களில் எங்கே இருக்கிறது? 91-க்கு எழுதிய மேப்புக்கு 95 கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது மேலே இரண்டாம் கேள்வியில் பார்த்ததுதான்.

ஆற்றல் குறைவது மட்டும் எல்லாக் காருக்கும் பொது. எத்தனாலின் மூன்றில் ஒரு பங்கு குறைவை ஐந்தில் ஒரு பங்குக் கலப்பால் பெருக்கினால் 6 முதல் 7 சதவீதம் வரும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையும் இதே எண்ணைத்தான் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீத எத்தனால் கலந்த இ10-க்கு மேப் எழுதிய நான்கு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் குறையும். இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு மேப் எழுதியவற்றில் 1 முதல் 2 சதவீதம்தான் குறையும். எரிபொருள் ஒன்றே, வடிவமைப்பும் மேப்பும் மாறியதும் இழப்பில் பெரும்பகுதி மீண்டுவிடுகிறது. உயர்ந்த ஆக்டேனை அறுவடை செய்வது இப்படித்தான், அதை உரிய சோதனைகளோடு செய்யக்கூடியது எஞ்சினை வடிவமைத்த நிறுவனம்தான்.

ஏற்கெனவே ரீமேப் செய்த கார்களுக்கு இ20 இன்னொரு நெருக்கடி. எத்தனால் கூடும்போது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். இ10-க்குச் சரியான கலவை ஏறக்குறைய 14.1 என்றால் இ20-க்கு 13.5. மென்மையாக ஓட்டும்போது லாம்டா சென்சார் இதைத் திருத்திவிடும். முழுதாக மிதிக்கும்போது அந்தச் சென்சாரின் உடனடித் திருத்தம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். முன்பு கற்றுக்கொண்ட திருத்தத்தை நம்பியே ஓட வேண்டும். சக்திக்காக இன்ஜெக்டரையும் பம்ப்பையும் ஏற்கெனவே எல்லைவரை தள்ளிய மேப்பில் கூடுதல் எரிபொருளுக்கு இடமே இல்லாமல் போகலாம். கலவை மெலியும், வெப்பம் ஏறும்.

8. சொந்த வண்டி, சொந்தக் காசு. யாருக்கு என்ன நஷ்டம்?

மேப் என்பது புகைக் கட்டுப்பாட்டுக் கருவியும்கூட. 2015 செப்டம்பரில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் மோசடியில் உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் சோதனை நேரத்தை அடையாளம் கண்டு புகையைக் குறைத்துக் காட்டியது மென்பொருள்தான். இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அந்த நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் செய்தால் மோசடி, ஷெட்டில் செய்தால் பொழுதுபோக்கு என்று காற்றுக்கு வேறுபாடு தெரியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் தந்த மதிப்பீட்டின்படி, பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டிருந்தன. அவை தம் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5 லட்சத்து 70 ஆயிரம் டன்.

பிஎஸ்-6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் கரி வடிகட்டி உண்டு. சக்திக்காக டீசலைக் கூட்டினால் கரி கூடும். வடிகட்டி அடிக்கடி நிரம்பும். அதை எரித்துச் சுத்தம் செய்ய மேலும் டீசல் போகும், அதில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். நகரத்துக்குள் குறுகிய தூரம் ஓடும் வண்டியில் இந்தச் சுத்திகரிப்பு முடிவதே கடினம். கடைசியில் வடிகட்டியைக் குடைந்தெடுத்து, அதைத் தேடாதபடி மேப்பை இன்னொருமுறை மாற்றுவதில் போய் நிற்கிறது. ‘பியூசி டெஸ்ட்டில் பாஸ் ஆகிறதே’ என்பது பதிலாகாது. அந்தச் சோதனை பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியையும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை.

சட்டமும் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவு சொல்கிறது. மென்பொருள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாததால் ஆர்டிஓ கையில் சிக்குவது அரிது. சர்வீஸ் சென்டரின் கையில் சிக்கிவிடுகிறது. பல ஈசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையைத் தமக்குள் வைத்திருக்கின்றன. எஞ்சினோ கியர்பாக்ஸோ போனால் வாரன்ட்டி கேட்கும்போது முதலில் பார்க்கப்படுவது அதுதான்.

நஷ்டத்தின் கடைசிப் பங்கு அடுத்து வாங்குபவருக்குப் போகிறது. விற்கும் முன் பழைய மேப்பைத் திரும்பப் போட்டுவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அதையும் ஒரு சேவையாகவே விற்கிறார்கள். வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும்போது கார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். இரண்டு ஆண்டு கூடுதல் முறுக்கு விசையைச் சுமந்த கிளட்சும், கூடுதல் சூட்டில் ஓடிய டர்போவும், பாதி செயலிழந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அந்த மேப்போடு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பழைய கார் வாங்குபவர் ஆயில், டயர், ஆர்சி பார்ப்பதோடு, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஈசியூவின் மென்பொருள் பதிப்பையும் எழுதப்பட்ட எண்ணிக்கையையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் ஸ்கேனரைப் பொருத்திச் சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடியதுதான்.